தனி சர்வர் தேவைதானா?

கடையின் இணையதளம் மெதுவாகத் திறக்கிறதா? டெடிகேட்டட் சர்வருக்குப் பணம் கட்டும் முன்:

1. படங்களின் அளவைக் குறையுங்கள். செல்போனில் எடுத்த 4 எம்.பி. படம், எந்த சர்வரில் இருந்தாலும் மெதுவாகத்தான் இறங்கும்.

2. கேஷ் வசதியை இயக்குங்கள். பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்கும் வேலை மிச்சம்.

3. கன்ட்ரோல் பேனலில் சி.பி.யு., ராம் பயன்பாட்டை ஒரு மாதம் கவனியுங்கள். தீபாவளி சமயத்தில் மட்டும் எகிறினால் கிளவுட் சர்வர் போதும். தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

4. வாடகையோடு பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பாருங்கள். 'அன்மேனேஜ்டு' திட்டம் மலிவாகத் தெரியும். ஆனால் செக்யூரிட்டி அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். நள்ளிரவில் சர்வர் படுத்தால் எழுப்ப ஆள் இருக்கிறாரா?

இத்தனைக்குப் பிறகும் எல்லா நாளும் நெரிசல் என்றால், தாராளமாக வாங்கலாம்.