குதிகால் திரும்பும் இடம்

என்னிடம் சாக்ஸ் பின்னப் படித்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் ஊசியைக் கீழே வைத்தார்கள். கணுக்கால் வரை கடகடவென்று வந்துவிடுவார்கள். குதிகாலைக் கண்டதும் பின்னல் பைக்குள் போய்விடும், பை பரணுக்குப் போய்விடும். குன்னூரில் எத்தனை வீட்டுப் பரணில் இப்படிக் கம்பளிக் குழாய்கள் கிடக்கின்றனவோ!

நான் பார்த்துப் பின்னுவது நான்சி புஷ் எழுதிய ‘ஃபோக் சாக்ஸ்’. 1994இல் அமெரிக்காவில் வந்த புத்தகம். என் பிரதி முதுகு பிரிந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது. நீங்கள் எந்தப் புத்தகத்தை வைத்திருந்தாலும் சரி, அது அமெரிக்கப் புத்தகமென்றால் ஊசி எண்ணில் ஏமாறாதீர்கள். அவர்கள் கணக்கில் எண் ஏற ஏற ஊசி பருக்கும். நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற மெலியும். புத்தகத்தின் 1 என்பது 2.25 மி.மீ. இங்கே அதற்கு 13 என்று கேட்க வேண்டும். எங்கள் தெரு டீச்சர் ஒருவர் நேராக 1 என்று கேட்டு வாங்கிவந்தார். அது 7.5 மி.மீ. அதில் பின்னியதை இப்போது வெங்காயக் கூடையாக வைத்திருக்கிறார். எண்ணே வேண்டாம், மில்லிமீட்டரில் கேளுங்கள்.

ஊசி ஐந்து, இரண்டு முனையும் கூராக இருக்க வேண்டும். மூங்கில்தான். உலோக ஊசி வழுக்கிக் கட்டிலுக்கடியில் ஓடும். நூல் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். 100 கிராம், சுமார் 400 மீட்டர் வாங்கினால் ஒரு ஜோடிக்குப் போதும். ஸ்வெட்டருக்கு வாங்கி மிஞ்சிய அக்ரிலிக் உருண்டையை எடுத்துக்கொண்டு வராதீர்கள். காலில் வியர்வை நிற்கும், நான்கு துவையலில் தொளதொளத்துவிடும்.

10 செ.மீ. அகலத்துக்கு 32 கண்ணி வருகிறதா என்று ஒரு துண்டு பின்னிப் பாருங்கள். பிறகு 64 கண்ணி போடுங்கள். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போட்டால் விளிம்பு இறுகாது, குதிகாலைத் தாண்டி ஏறும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று வட்டமாக ஓர் ஐந்து செ.மீ., அப்புறம் வெறும் நிட். வேண்டிய உயரம் வரை பின்னுங்கள்.

இனிதான் விஷயம். பாதிக் கண்ணி, அதாவது 32, ஒரே ஊசிக்கு வரட்டும். மற்ற 32 தூங்கட்டும். இந்த 32இல் மட்டும் நல்ல பக்கம் நிட், உள்பக்கம் பர்ல் என்று போய்வந்து 32 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றிவிடுங்கள். ஓரத்தில் சங்கிலி போல 16 கண்ணி நீளமாக நிற்கும். பின்னால் அவைதான் கைகொடுக்கும்.

இப்போது குதிகாலைத் திருப்ப வேண்டும். நல்ல பக்கத்தில் முதல் கண்ணியை மாற்றி, 17 நிட். அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, மேலும் ஒரு நிட். இடது ஊசியில் 11 கண்ணி பின்னாமல் நிற்கும். இருக்கட்டும். திரும்புங்கள்.

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். வரிசையைப் பாதியில் விட்டுத் திரும்புவது தப்பு என்று கை சொல்கிறது. மிச்ச 11ஐயும் ஒழுங்காகப் பின்னி முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான், குதிகால் வராது, தட்டையான துணிதான் வரும். விட்டுவிட்டுத் திரும்புவதால்தான் அங்கே கிண்ணம் போலக் குழிகிறது.

பர்ல் பக்கத்தில் முதலை மாற்றி, 5 பர்ல், இரண்டு சேர்த்து ஒரு பர்ல், மேலும் ஒரு பர்ல். இந்தப் பக்கமும் 11 மிச்சம். திரும்புங்கள்.

இனிப் புத்தகத்தை மூடிவிடலாம். அடுத்த வரிசையில் 6, அதற்கடுத்து 7 என்று அது எண்ணச் சொல்லும்; வேண்டாம். ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திரும்பிய இடத்தில், பின்னிய கண்ணிக்கும் விட்ட கண்ணிக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து தெரியும். முதலை மாற்றிவிட்டுச் சந்துக்கு முந்தைய கண்ணி வரை பின்னிக்கொண்டே போங்கள். சந்துக்கு இந்தப் பக்கத்தில் ஒன்று, அந்தப் பக்கத்தில் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். மேலும் ஒன்று. திரும்புங்கள். பேரன் பேசிக்கொண்டே இருந்தாலும், டி.வி. ஓடினாலும் சந்து எங்கேயும் போகாது. கடைசி இரண்டு வரிசையில் மட்டும் அந்த ‘மேலும் ஒன்று’ இருக்காது, கவலை வேண்டாம். ஊசியில் 18 நின்றால் சரி. 19 என்றால் எங்கோ ஒரு சந்தைத் தாண்டியிருக்கிறீர்கள். உருவிவிட்டு மறுபடி போடுங்கள், பத்து நிமிஷ வேலை.

அந்த 18ஐயும் நிட் போட்டுவிட்டு, ஓரச் சங்கிலியிலிருந்து பக்கத்துக்கு 16 எடுங்கள். இரண்டு மூலையிலும் கூடுதலாக ஒவ்வொன்று எடுத்தால் ஓட்டை விழாது. தூங்கிய 32ஐயும் எழுப்பினால் மொத்தம் 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பக்கத்துக்கு ஒன்றாகக் குறைத்து 64க்கு வாருங்கள். பிறகு கட்டைவிரல் நுனிக்கு 5 செ.மீ. குறையும் வரை நேராகப் பின்னுங்கள்.

விரல் பகுதியில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று நான்கு நான்காகக் குறைத்து 32. அப்புறம் சுற்றுதோறும் குறைத்து 16. முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று நிற்பதைத் தையல் ஊசியால் ஒட்டுவார்கள். அதைக் கிச்சனர் தையல் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. எட்டாகக் குறைத்து, நூலை உள்ளே விட்டு இழுத்து முடிந்துவிடுவேன். இதுவரை எந்தக் காலும் புகார் சொன்னதில்லை.

முதல் சாக்ஸ் முடிந்த கையோடு, எழுந்திருக்காமல், அடுத்ததற்கு 64 கண்ணி போட்டுவிடுங்கள். பாதத்தில் எத்தனை சுற்று வந்தது என்று பென்சிலால் புத்தக ஓரத்தில் குறியுங்கள். என் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க 44, 44 என்று இருக்கும். நடுவில் ஒரே ஒரு 47. அது என் வீட்டுக்காரருடைய இடது கால்.