சங்க வண்டியும் குளிர்சாதனமும்

சென்ற கோடையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளை நாம் பார்வையிட்டோம். ஜவுளி ஏற்றும் பழைய வேனுக்கு, ‘ஏ.ஸி. கேஸ் நிரப்பியது’ என்று மூன்றே மாதங்களில் மூன்று வவுச்சர்கள் இருந்தன. வண்டியோ குளிரவில்லை. அங்கத்தினர்களின் பணம் உண்மையாகவே காற்றில் போயிற்று. எவ்வாறு போயிற்று என்பதை அறிந்துகொள்வது எல்லாச் சங்கங்களுக்கும் பயன் தரும்.

குளிர்சாதனம் வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கடத்தும் கருவி. என்ஜினால் சுழலும் கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. சூடேறிய வாயு ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பிறகு குறுகிய வால்வின் வழியே கூலிங் காயிலுக்குள் சென்று, அழுத்தம் குறைந்து ஆவியாகிறது. அப்போது வண்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. பெட்ரோலைப்போல் இவ்வாயு எரிந்து தீர்வதில்லை. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிது குறையலாம். மாதந்தோறும் குறைந்தால் எங்கோ பெருங்கசிவு உண்டு. அதை அடைக்காமல் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாகும்.

ஆகவே, பணிமனைக்குச் செல்லுமுன், என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, பின்வருவனவற்றை நாமே பார்த்தல் வேண்டும்:

1. பியூஸ் எரிந்துள்ளதா? கம்ப்ரசரின் பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ உள்ளதா?

2. கண்டென்சரின் தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைத்துள்ளனவா? மெல்லிய நீர்வீச்சால் கழுவுக. விசை மிகுந்த நீர் தகடுகளை வளைத்துவிடும்.

3. ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிர்ச்சி குன்றுகிறதா? கண்டென்சர் விசிறியைச் சந்தேகிக்கலாம்.

4. காற்றே குறைவாக வருகிறதா? காற்று வடிகட்டி உள்ள வண்டியாயின் அதைக் கழற்றிப் பார்க்க. நூல் ஏற்றும் வண்டிகளில் பஞ்சு அடைத்திருக்கக்கூடும்.

5. குழாய் மூட்டுகளில் எண்ணெய்க் கறை உள்ளதா? அது கசிவின் அடையாளமாகலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுக.

இதற்கு மேல் கை வைத்தலாகாது. வாயுக் குழாயைத் திறந்தால், பீறிட்டு வரும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும். இன்று பல வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ, திறந்த வெளியில் -26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. மிகப் பழைய வண்டிகளில் ஆர்-12 இருந்தது. அது ஓசோன் படலத்தை அழிப்பதால் 1987-ல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் வேண்டிய எண்ணெய் வேறு வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அப்படியே நிரப்பலாகாது. சமையல் வாயுவை நிரப்ப ஒருபோதும் இசையாதீர். கசிந்தால் வண்டியே தீப்பற்றும்.

பழுது பார்க்கும் செலவு வண்டியின் மதிப்பிற்குத் தகாததாயின் வேறு வழிகள் உள. கூரைக்கு வெள்ளை வர்ணம் பூசி, நிழலில் நிறுத்துக. புறப்படுமுன் கதவுகளைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றுக. விடியற்காலையில் சரக்கு ஏற்றுக. காய்கறிகளின்மேல் ஈரச்சாக்கு விரித்துக் காற்றோட்டம் விட்டால், நீர் ஆவியாகும்போது வெப்பம் தணியும். கரூர் போன்ற உள்நாட்டின் வறண்ட கோடைக் காற்றில் இது நன்கு பயன்படும். நாகப்பட்டினம் போன்ற கடற்கரையின் ஈரக்காற்றில் பயன் குறைவு. ஜவுளிக்கும் நூலுக்கும் அருகே ஈரச்சாக்கு ஆகாது, பூஞ்சை பிடிக்கும்.

விவசாயச் சங்கங்கள், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வகுத்த குளிர் அறையையும் கட்டிக்கொள்ளலாம். இரட்டைச் செங்கற் சுவர்களுக்கிடையே மணல் நிரப்பி, நாள்தோறும் நீர் தெளித்து, நிழற்கூரை வேய்ந்தால் போதும், மின்சாரம் வேண்டா. அதில் குளிர்ந்த காய்கறி வண்டியில் வாடுவது குறையும்.

நாம் கண்ட வேனில், தேய்ந்த ரப்பர் வளையம் ஒன்றே கசிவுக்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. அதை மாற்றியபின் வண்டி குளிர்ந்தது. ஓட்டுநருக்கும் வெயிலின் துன்பம் நீங்கியது. இனி, ‘கசிவு கண்ட இடம்’ எதுவென்று எழுதப்படாத வாயு வவுச்சருக்கு நிர்வாகக் குழுவினர் ஒப்புதல் அளித்தலாகாது. சங்கத்தின் பணத்தைக் காப்பதற்கு அந்த ஒரு வரி உதவும்.