ஸ்டீரிங்கும் திராட்டிலும் சேர்ந்து கெட்டால்

பழசாகக் கைமாறும், ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. டிரக்குகளில் டிராக்ஸஸ் ஸ்லாஷுக்குத் தனி இடம் உண்டு. 2008-இல் வந்த வண்டி. பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர ஓட்டம், டைட்டன் பிரஷ் மோட்டார், மோட்டாரின் வேகத்தை ஆளும் எக்ஸ்எல்-5 இ.எஸ்.சி. எந்தப் பாகத்தையும் தனியாக வாங்கலாம் என்பது இதன் பலம். ஆனால் அதுவே பலரின் காசைக் கரைக்கிறது. ஸ்டீரிங் துடித்தால் சர்வோவை மாற்றுகிறார்கள். திராட்டில் விட்டுவிட்டு வந்தால் இ.எஸ்.சி.யை மாற்றுகிறார்கள். அப்படியும் தீராவிட்டால் ரிமோட். கடைசியில் பார்த்தால் பேட்டரி கனெக்டர் தளர்ந்திருக்கும். சோதித்துப் பார்க்கும் முன்பே வாங்க வைக்கிற நம்பிக்கைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“ஸ்டீரிங் பழுது வேறு, திராட்டில் பழுது வேறு.”

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்டீரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கென்று தனி பேட்டரி கிடையாது. வண்டியின் பெரிய பேட்டரி 7.2 முதல் 8.4 வோல்ட் வரை. இ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சிறு சுற்று அதை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கு அனுப்புகிறது. ரிசீவர் வழியாகத்தான் சர்வோவுக்கு மின்சாரம் போகிறது. ஆக இரண்டு வேலைக்கும் ஒரே ஊற்று. சக்கரம் எங்கேயாவது முட்டிக்கொண்டு சர்வோ திணறினால் அது அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். வோல்டேஜ் சரியும், ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறும். அந்த ஒரு கணத்தில் திராட்டிலும் போய்விடும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு இரண்டு பழுது தெரிகிறது. உள்ளே இருப்பது ஒன்றுதான்.

சோதிப்பது எளிது. சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஒரு பெட்டிமேல் வையுங்கள். முதலில் ஸ்டீரிங் மட்டும், பிறகு திராட்டில் மட்டும், கடைசியில் இரண்டும் சேர்த்து. திராட்டில் கொடுக்கும்போது மட்டும் ஸ்டீரிங் துடித்தால் சந்தேகம் பேட்டரி மேலும் கனெக்டர்கள் மேலும் போக வேண்டும். முன்சக்கரங்களைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங்கைத் திருப்பும்போது மோட்டாரும் விட்டுப்போனால், அது சர்வோ அதிகம் இழுப்பதாலோ பி.இ.சி. தளர்ந்ததாலோ வருவது. ரிசீவரில் காலியாக இருக்கும் துளையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே இதைச் செய்தால் வோல்டேஜ் சரிவது கண்ணெதிரே தெரியும். சும்மா இருக்கும் பேட்டரியை அளந்து “ஃபுல் சார்ஜ் இருக்கிறதே” என்று நம்ப வேண்டாம். கிழட்டு பேட்டரியும் சுமையில்லாதபோது முழு வோல்டேஜ் காட்டும்; மோட்டார் இழுக்கும்போதுதான் அதன் நிலை வெளிவரும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வயரைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் இணைப்பு மோசம் என்று அர்த்தம்.

“நல்ல பலமான சர்வோ போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.”

மேலே சொன்ன பழுது பி.இ.சி.யில் இருந்தால் இது நிலைமையை இன்னும் கெடுக்கும். 20 கிலோ சர்வோ ஒன்று முட்டி நிற்கும்போது இரண்டு, மூன்று ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். பழைய இ.எஸ்.சி.யின் சின்ன பி.இ.சி. அதைத் தாங்காது. பெரிய சர்வோதான் வேண்டும் என்றால் தனி பி.இ.சி. ஒன்றும் சேர்த்துப் போடுங்கள், அப்போது இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு வயரைப் பிளக்கிலிருந்து உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு ஊற்றுகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. சர்வோ தலையின் பற்களையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். டிராக்ஸஸ், ஃபுட்டாபா சர்வோக்களில் 25 பல், ஹைடெக்கில் 24, சான்வாவில் 23. அழுத்திப் பொருத்தினால் பற்கள் மழுங்கும். அதன்பின் சர்வோ திரும்பும், சக்கரம் திரும்பாது.

“ஒரு பக்கமாக இழுக்கிறதா? டிரிம்மைத் திருப்பு.”

ரிமோட்டில் இருக்கும் டிரிம் ஸ்டீரிங்கின் நடுநிலையை நகர்த்தும், அவ்வளவுதான். சக்கரத்தைத் திருப்பும் டை ராடு என்ற கம்பி வளைந்திருந்தால் அப்படியே வளைந்திருக்கும், போதாததற்கு ஒரு பக்கத் திருப்பமும் குறையும். சர்வோவை இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, சர்வோவைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அது சீராகப் போய்வந்தால் குற்றம் அதன்மேல் இல்லை. முன்சக்கரங்களைக் கையால் இருபுறமும் ஆட்டுங்கள்: மண் அடைத்த பேரிங், தேய்ந்த புஷ், சர்வோவை அடியிலிருந்து காக்கும் சேவரின் தளர்ந்த ஸ்பிரிங் எல்லாம் விரல்களுக்கே தெரியும். சர்வோவே ஒரே இடத்தில் தடுக்கினால் பல் உடைந்திருக்கிறது. நடுவில் நிற்காமல் நடுங்கினால் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கலாம். பாகங்களைச் சரிசெய்தபின் டிரிம்மைச் சுழியத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்து, சர்வோ நடுவில் நிற்கும்போது அதன் தலையில் சர்வோ கையை (ஹார்ன்) பொருத்துங்கள்.

“பக்கத்தில் யாரோ ரிமோட் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் துடிக்கிறது.”

27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இது உண்மை. ஒரே கிரிஸ்டல் போட்ட இரண்டு வண்டிகள் ஒரு மைதானத்தில் ஓட முடியாது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் தன் ரிசீவரோடு மட்டும் பைண்ட் ஆகிப் பேசும். அதனால் துடித்தால் முதலில் உங்கள் வண்டியிலேயே தேடுங்கள். ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை நீக்கிய சுமார் 31 மில்லிமீட்டர்தான் உண்மையில் அலையைப் பிடிக்கும் பகுதி. அதை யாராவது நறுக்கியிருந்தால் தூரம் குறைந்துவிடும். பிரஷ் மோட்டாரை மாற்றியவர் அதன் முனைகளில் பற்றவைக்கும் சிறிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை விட்டுவிட்டாரா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் மோட்டாரின் தீப்பொறியே இடைஞ்சல் தரும்.

“பாதி வேகம்தான் போகிறது, ரிவர்ஸும் இல்லை. இ.எஸ்.சி. போய்விட்டது.”

எக்ஸ்எல்-5 பற்றி இப்படிச் சொல்லி நல்ல இ.எஸ்.சி.க்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மனம் பொறுக்கவில்லை. இந்தக் கருவியில் மூன்று நிலைகள் உண்டு. ட்ரெயினிங் நிலையில் வேகம் பாதியாகும். முந்தைய வீட்டில் குழந்தை ஓட்டியிருந்தால் வண்டி அப்படியே உங்களிடம் வந்திருக்கும். ரேஸ் நிலையில் ரிவர்ஸ் கிடையாது. ஸ்போர்ட் நிலையிலும் ரிமோட்டின் டிரிகரை முதலில் தள்ளினால் பிரேக். விட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். லித்தியம் பேட்டரிக்கான குறைந்த வோல்டேஜ் காவல் வேலை செய்யும்போதும் வேகம் பாதியாகும். இ.எஸ்.சி.யின் விளக்கு பச்சையாக இருந்தால் அந்தக் காவல் இருக்கிறது, சிவப்பாக இருந்தால் இல்லை. லித்தியம் பேட்டரி போட்டிருக்கையில் சிவப்பு எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுவிடும்.

விரலை எடுத்தும் வண்டி ஊர்ந்தால் திராட்டில் டிரிம்மை நடுவில் வைத்துவிட்டு மறுபடி கேலிபரேட் செய்யுங்கள். இ.எஸ்.சி.யின் ஈஸிசெட் பட்டனை விளக்கு பச்சையாகிச் சிவப்பாகும்வரை அழுத்தி விடுங்கள். சிவப்பு ஒருமுறை சிமிட்டும்போது டிரிகரை முழுதாக இழுத்துப் பிடியுங்கள், இருமுறை சிமிட்டும்போது முழுதாகத் தள்ளுங்கள், பச்சை சிமிட்டினால் முடிந்தது. இதைச் செய்யும்போது பின்சக்கரங்கள் தரையில் படவே கூடாது.

“மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லை. திராட்டில் கோளாறு.”

இது மின்சாரக் கோளாறே அல்ல. மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வழுக்கையாகியிருக்கும், அல்லது ஸ்லிப்பர் கிளட்ச் நழுவும்.

“டபிள்யூ.டி.-40 அடித்தால் எல்லாம் ஓடும்.”

ஈரத்தை விரட்டவென்று உருவான எண்ணெய் அது. பின்னால் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும், அந்தப் படலத்தில் தூசி ஒட்டும். டிரிகர் விட்டுவிட்டு வந்தால் அதன் பொட்டென்ஷியோமீட்டருக்கு கான்டாக்ட் கிளீனர் போதும்.

“எந்த டிரக்கையும் இப்படிப் பிரித்துச் சரிசெய்யலாம்.”

ஸ்லாஷில் முடியும். மலிவான பொம்மை டிரக்குகள் பலவற்றில் ரிசீவரும் இ.எஸ்.சி.யும் ஒரே பலகை. சர்வோவுக்குப் போவது மூன்று வயர் அல்ல, ஐந்து. சர்வோவின் மூளையும் அந்தப் பலகையிலேயே இருப்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண சர்வோ அதில் ஓடாது. ஒன்று கெட்டால் பலகையையே மாற்ற வேண்டும். பழைய வண்டிக்குப் பணம் கொடுக்கும் முன் பாடியைக் கழற்றி அந்த வயர்களை எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.