வேலை போன மறுநாள்: திருமலையிலிருந்து தொழில் விசா தேடுவோருக்கு

வெளிநாட்டு வேலை என்றதும் திருகோணமலையில் எழும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு. அடுத்தது, ஏஜென்சிக்கு எவ்வளவு கட்ட வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கிண்ணியாவிலோ மூதூரிலோ வளைகுடாவுக்குப் போய் அடிபட்டுத் திரும்பியவர்கள்தான் கேட்பார்கள்: வேலை போய்விட்டால் மறுநாள் அந்த நாட்டில் என் நிலைமை என்ன? தற்காலிகத் தொழில் விசா பெரும்பாலும் உங்களையும் ஒரு முதலாளியையும் சேர்த்துக் கட்டித்தான் கொடுக்கப்படுகிறது. அந்தக் கட்டு எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று பார்த்தால் பாதித் தெரிவு முடிந்த மாதிரி.

இரண்டு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர் சீனன்குடாப் பக்கம் வேலை பழகி, என்.வி.கியூ சான்றிதழும் வைத்திருக்கும் வெல்டர். மற்றவர் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து, இரண்டு மூன்று வருடம் வேலையும் பார்த்த பட்டதாரி. இருவருக்கும் ஒரே நாடு பொருந்தாது.

வெல்டருக்கு முதலில் கண்ணில் படுவது வளைகுடா. மொழிப் பரீட்சை இல்லை, வருமான வரி இல்லை, சீக்கிரம் புறப்படலாம். கட்டு முன்பை விடத் தளர்ந்துமிருக்கிறது. 2020 முதல் கட்டாரில் முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம். முதல் இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு மாத முன்னறிவித்தல் போதும், அதன்பின் இரண்டு மாதம். ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள எண்களைப் பிரித்துப் பாருங்கள். மாதம் 1,800 ரியால் என்று ஏஜென்ட் பெருமையாகச் சொல்வார். அடிப்படைச் சம்பளம் 1,000, தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300 என்பது கட்டார் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் வைத்திருக்கும் அடிமட்டம். கைத்தொழில் தெரிந்தவர் அதற்குப் போகத் தேவையில்லை. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் சேவைக்காலக் கொடுப்பனவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் படிகளைக் கூட்டி அடிப்படையைக் குறைத்த ஒப்பந்தம் கடைசியில்தான் கடிக்கும்.

சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது, தமிழும் கேட்கும். அங்குள்ள கப்பல் கட்டும் தளங்களிலும் கட்டுமானத்திலும் இலங்கையர் வேலை அனுமதிப் பத்திரத்தில் சேரலாம். ஆனால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. முதலாளி உங்களுக்காக 5,000 சிங்கப்பூர் டொலர் பிணை வைக்கிறார். அது அவர் செலவு. சம்பளத்தில் வெட்டினால் சட்டமீறல். அனுமதியை இரத்துச் செய்யும் அதிகாரமும் அவர் கையில்தான் என்பதால் இங்கே கட்டு இறுக்கம்.

என் கணக்கில் வெல்டருக்கு நல்ல தெரிவு ஜப்பான், ஆனால் பொறுமை வேண்டும். 2019 ஏப்ரலில் அந்த நாடு ‘குறித்த திறன்’ விசாவைத் தொடங்கியது, அதே வருடம் இலங்கையும் உடன்படிக்கை செய்துகொண்டது. கப்பல் கட்டுதல் அதில் ஒரு துறை. பட்டம் தேவையில்லை. அடிப்படை ஜப்பானிய மொழிப் பரீட்சையும் துறைக்கான திறன் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது விதி. ஒரே துறைக்குள் வேறு கம்பெனிக்கு மாறலாம், ஆனால் குடிவரவுத் திணைக்களத்தின் புதிய அனுமதி கிடைத்த பிறகுதான் அங்கே வேலை தொடங்கலாம். முதல் நிலையில் மொத்தம் ஐந்து வருடம், குடும்பம் இல்லை. இரண்டாம் நிலைக்கு ஏறினால் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், மனைவி பிள்ளைகளையும் அழைக்கலாம். கப்பல் கட்டும் துறைக்கு அந்த இரண்டாம் நிலை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பல துறைகளுக்கு 2023இல்தான் வந்தது. ஒன்று மட்டும்: உங்கள் துறைக்கான திறன் பரீட்சை இலங்கையில் நடக்கிறதா என்று மொழி வகுப்புக்குக் காசு கட்டுமுன் விசாரியுங்கள்.

கொரியாவின் ஈ-9 விசா அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது, அதனால் அதற்கு எந்த ஏஜென்சிக்கும் சதம் கொடுக்கத் தேவையில்லை. ‘நான் கொரியா அனுப்புகிறேன்’ என்று காசு கேட்பவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். 18 முதல் 39 வயது வரை, மொழிப் பரீட்சை உண்டு, ஒரு தடவை போனால் அதிகபட்சம் நாலு வருடம் பத்து மாதம், குடும்பம் இல்லை. முதல் மூன்று வருடத்தில் வேலையிடம் மாற மூன்று தடவைதான் இடமுண்டு, அதற்கும் காரணம் வேண்டும். வேலை போனால் மூன்று மாதத்துக்குள் அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

பட்டதாரிக்கு அவுஸ்திரேலியா. 2024 டிசம்பரில் வந்த புதிய திறன் விசா நாலு வருடம் வரை செல்லும். துறையில் ஒரு வருட அனுபவம் போதும், துணையும் வேலை செய்யலாம். வேலை போனால் அடுத்த முதலாளியைத் தேட 180 நாள். பிரித்தானியாவில் அதே நிலைமைக்கு வழக்கமாக 60 நாள்தான். அங்கே 2025 ஜூலையில் பொதுவான சம்பள எல்லையை வருடம் 41,700 பவுணுக்கு உயர்த்தி, வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலையாட்களை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இன்னும் ‘கெயார் விசா’ என்று விளம்பரம் கண்டால் படிக்காமலே தாண்டிப் போகலாம். சிங்கப்பூரின் தொழில்வாண்மை அனுமதிக்கு 2025 முதல் குறைந்தது மாதம் 5,600 டொலர் சம்பளம் வேண்டும், வயது கூடக்கூட இந்த எல்லையும் கூடும். குடும்பத்தை அழைக்க 6,000. ஐந்தாயிரத்து எண்ணூறு என்று வேலை கிடைத்து, உங்கள் வயதுக்கு அனுமதிக்கும் அது போதுமென்றால், இன்னும் இருநூறு பேசிப் பாருங்கள். அந்த இருநூறில்தான் பிள்ளை உங்களோடு இருப்பதா, திருமலையில் அம்மம்மாவோடு வளர்வதா என்பது இருக்கிறது.

எந்த நாடானாலும் விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தால்தான் காப்புறுதி உண்டு, பிரச்சினை வந்தால் முறையிட ஓர் இடமும் உண்டு. ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியொன்றைத் திருமலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போய் இறங்கியதும் வேறொரு தாளில் கையெழுத்துக் கேட்டால், முதல் தாள் ஒன்று இருந்தது என்று காட்ட வீட்டில் யாரிடமாவது அது இருக்க வேண்டும்.