கண்மாய்க் கோழிகளும் குருட்டுக் கொக்கும்

டி. கல்லுப்பட்டி கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால்தான் இங்கே நீர்ப்பறவைக்குப் பிழைப்பு. கோரைக்குள் அசைகிற எதைக் காட்டிக் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “நீர்க்கோழி!”

நம்பிக்கை: நீர்க்கோழி ஒரே பறவை.

உண்மை: அந்த ஒரு பெயருக்குள் நான்கு பறவைகளாவது உண்டு. முகமும் நெஞ்சும் வெள்ளை, முதுகு கருஞ்சாம்பல், வாலடியில் செம்பழுப்பு. வாலைத் தூக்கித் தூக்கிக் கரையோரம் ஓடினால் அது கானாங்கோழி. ஊர் உறங்கிய பிறகும் ‘குவாக், குவாக்’ என்று விடாமல் கத்துவதும் இதுதான். பாவம், பழி தவளைக்குப் போகிறது. நெற்றியில் சிவப்புத் தகடும் அலகு நுனியில் மஞ்சளும் இருந்தால் தாழைக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, அலகும் நெற்றியும் மட்டும் வெள்ளை என்றால் நாமக்கோழி. பெயர் வைத்தவருக்கு நல்ல கண். நாட்டுக்கோழி அளவில் நீலமாக, தடித்த சிவப்பு அலகோடு, சம்புத் தண்டைக் காலால் பற்றிக் கடிப்பது நீலத் தாழைக்கோழி.

தகராறு செய்வது இளம் தாழைக்கோழிதான். பழுப்பு நிறம், நெற்றியில் சிவப்பு கிடையாது. விலாவைப் பாருங்கள்: வெள்ளைக் கோடு ஓடும். வாலடியிலும் இரண்டு வெள்ளைத் திட்டுகள். நீந்தும்போது தலையை வெட்டி வெட்டி ஆட்டும்.

நம்பிக்கை: இவற்றுக்குப் பறக்கத் தெரியாது.

உண்மை: கண்மாய் வற்றியதும் நடந்தா போகின்றன? நாமக்கோழி தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் மேலே எழும்பும். எழும்பிவிட்டால் இரவோடு இரவாக வெகுதூரம் போய்விடும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற நாமக்கோழிகளும் உண்டு.

நம்பிக்கை: முங்கி முங்கி எழுவது வாத்துக்குஞ்சு.

உண்மை: அது முக்குளிப்பான், வளர்ந்த பறவை. வாத்துக்குத் தட்டை அலகு, இதற்குக் கூரலகு. வால் இருப்பதே தெரியாது. கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால் தரையில் தள்ளாடும், தண்ணீருக்குள் பாயும். பாசியும் தண்டும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். இரை தேடப் போகுமுன் முட்டைகளைப் பாசியால் மூடிவிடும். தலையில் கோடு போட்ட குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும்.

நம்பிக்கை: குருட்டுக் கொக்குக்குக் கண் தெரியாது.

உண்மை: கண் தெரியாமலா தவளையையும் மீனையும் குறி தவறாமல் கொத்துகிறது? மடையான் என்பதும் இதைத்தான். பழுப்புக் கோடுகளோடு சேற்றில் அசையாமல் நின்றால், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம் அதற்கு. அதனால்தான் ஆள் நெருங்கும்வரை நிற்கிறது. பறக்கும்போது வெள்ளை இறக்கை விரிந்து நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இலங்கையில் சிங்களவரும் இதைக் குருட்டுக் கொக்கு என்றே அழைக்கிறார்கள். அவதூறு கடலையும் தாண்டியிருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

நம்பிக்கை: பெயரிலேயே கோழி இருக்கிறது, பிடித்துக் குழம்பு வைக்கலாம்.

உண்மை: 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் விற்பதும் குற்றம், 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கானாங்கோழிக்கும் மடையானுக்கும் சேர்த்துத்தான்.