மைக்குக்கும் உதட்டுக்கும் நடுவில்

லைட்டை அணைச்சிட்டு ஜோடியாக உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு டவுன்டெம்போ ட்ராக் செய்யணும்னு போன லீவில் ஆசை வந்தது. (ஜோடி கிடையாது, அது வேற கதை.) மெதுவான டிரம்ஸ், கீழே பேஸ், மேலே சிந்தசைசர், எல்லாம் லேப்டாப்பில் ரெடி. பாடுவதற்கு வகுப்புத் தோழியைக் கூப்பிட்டு, மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்க வைத்து ரெக்கார்டு பண்ணேன். போட்டுக் கேட்டதும் அவளே சிரிச்சிட்டா. "டேய், ரயில்வே ஸ்டேஷன் அனவுன்ஸ்மென்ட் மாதிரி இருக்குடா."

சுருதி சரி, தாளம் சரி. அப்போ எங்கே தப்பு?

பதில் தேட நான் எடுத்துக்கொண்ட பாட்டு 'டியர்ட்ராப்'. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக் குழு 1998-ல் வெளியிட்ட 'மெசனைன்' ஆல்பத்தில் இருக்கிறது. பாடியவர் எலிசபெத் ஃப்ரேசர். ராத்திரி நேரத்து ரொமான்டிக் பாட்டு லிஸ்ட்களில் அடிக்கடி வரும் பாட்டு.

முதலில் வேகம். ஆடவைக்கிற ஹவுஸ் இசை நிமிஷத்துக்கு 120 அடியைச் சுற்றி ஓடும். டியர்ட்ராப் கிட்டத்தட்ட 77. சும்மா உட்கார்ந்திருப்பவரின் இதயம் 60 முதல் 100 வரை துடிக்கும், அதற்குள் இது அடங்கிவிடுகிறது. ஆரம்ப டிரம் சத்தமே இதயத் துடிப்பு மாதிரிதான். பாட்டின் வீடியோவில் கருப்பைக்குள் இருக்கும் சிசுதான் பாடும்.

அடுத்து லோ-பாஸ் ஃபில்டர். செகண்ட் இயர் லேபில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் வைத்துச் செய்தோமே, அதே சமாச்சாரம். பக்கத்து ரூமில் பாட்டு ஓடினால் நமக்குப் பேஸ் மட்டும் கேட்கும், சுவர் ட்ரெபிளைத் தடுத்துவிடும். அதனால் ட்ரெபிளைக் குறைத்தாலே கதவு சாத்தின அறைக்குள் இருக்கிற உணர்வு வரும். இதுவரைக்கும் நானும் சரியாகத்தான் செய்திருந்தேன்.

கோட்டை விட்டது மைக்கில். பாடகர்கள் பயன்படுத்தும் கார்டியாய்ட் மைக்கில், உள்ளே இருக்கும் சவ்வுக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் காற்றழுத்தம் போய்ச் சேரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிக்னல். தூரத்துச் சத்தம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வரும், கட்டம் மட்டும்தான் மாறும். தாழ்ந்த சுரங்களில் அந்த மாற்றம் ரொம்பக் குறைவு என்பதால், அதை ஈடுகட்டுகிற மாதிரி மைக்கை வடிவமைத்திருப்பார்கள். வாயைப் பக்கத்தில் கொண்டுபோனால் கதை மாறும். முன்பக்கத்துக்குப் பலம் தெளிவாகவே கூடுதல், ஈடுகட்டலும் சேர்ந்துகொள்ள, பேஸ் பொங்கிவிடும். இதற்குப் பேர் ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட். அதன் மேல் கம்ப்ரெஸர் போட்டு உரத்த இடங்களை அமுக்கி மொத்தத்தையும் ஏற்றினால், மூச்சு இழுக்கும் சத்தம், உதடு பிரியும் சத்தம் எல்லாம் மேலே வரும். நிஜ வாழ்க்கையில் இந்தச் சத்தங்களை நம் காதுக்குப் பக்கத்தில் யார் எழுப்புவார்கள்? அம்மா, அப்புறம் இன்னும் ஒருத்தர், அவ்வளவுதான்.

மறுபடி ரெக்கார்டு பண்ணோம். எம்பிராய்டரி வளையத்தில் துவைத்த பழைய சாக்ஸை இழுத்துக் கட்டி பாப் ஃபில்டர். மைக்குக்கும் உதட்டுக்கும் நாலு விரல் இடைவெளி. சத்தமா பாட வேண்டாம்னு சொன்னேன். ஹெட்போனில் கேட்டப்போ எனக்கே கூச்சமாகிவிட்டது. அடுத்தவங்க கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரி.

டியர்ட்ராப் ரெக்கார்டிங் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் ஃப்ரேசருக்கு ஒரு செய்தி வந்தது. அவர் ஒருகாலத்தில் காதலித்த பாடகர் ஜெஃப் பக்லி, 1997 மே மாசம் மெம்ஃபிஸ் நகரத்து ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அந்தப் பாட்டு ஒரு விதத்தில் அவரைப் பற்றியதுதான் என்று ஃப்ரேசர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஜோடிகள் போட்டுக் கேட்கும் அந்தக் குரலில் இருப்பது துக்கம். மைக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தூரம் மட்டும்தான் தெரியும்.

இதை என் தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஹாஸ்டல் ஸ்பீக்கர்ல மட்டும் என் பாட்டைப் போட்டுடாதடா" என்றாள்.

இன்னும் போடவில்லை.