திரையில் உப்புக்கறை

செம்பூரில் இருந்து தினமும் காலையில் இரண்டு பெண்கள் ரயில் ஏறுவார்கள். ஒருவர் மூத்தவர். மற்றவர் இளையவர். கடற்கழிப் பாலத்தைத் தாண்டி, வாஷிக்கு அடுத்துள்ள சான்பாடாவில் இறங்குவார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளில் அவர்களுக்கு வேலை.

ஒரு நாள் இளையவர் கவலையோடு இருந்தார்.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்று மூத்தவர் கேட்டார்.

"பாத்ரூமில் தொங்கும் பிளாஸ்டிக் திரைதான் அக்கா. அடிப்பக்கம் எல்லாம் வெள்ளைக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்று ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போடப் போகிறேன்."

மூத்தவர் பதறிப் போனார். "வேண்டாம்மா! உயிருக்கே ஆபத்து. அது என்ன கறை என்று முதலில் தெரிந்துகொள்."

அக்கா சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

கறை எப்படி வந்தது?

மழைநீர் நிலத்துக்குள் இறங்குகிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதில் கரைகின்றன. இவை அதிகம் உள்ள நீரே கடின நீர். இதில் சோப்பு நன்றாக நுரைக்காது.

சான்பாடாவுக்கு நவி மும்பை மாநகராட்சி மோர்பே அணையில் இருந்து தண்ணீர் தருகிறது. அணையில் தேங்குவது மழைநீர். ஆழ்குழாய்த் தண்ணீரில்தான் பெரும்பாலும் கடினம் அதிகம். ஆழ்குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வரும் வீடுகளில் கறை சீக்கிரம் பிடிக்கும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் தர அளவு. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம்.

திரையில் தெறித்த தண்ணீர் காய்ந்துவிடும். அதில் இருந்த உப்பு காயாது; அங்கேயே தங்கும். சோப்பும் அதோடு சேர்ந்து பிசுக்காகப் படியும். அதனால்தான் சோப்புப் போட்டால் இந்தக் கறை போவதில்லை. வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளையும் இதே உப்புதான்.

கறையை எடுப்பது எப்படி?

இந்த உப்பு பெரும்பாலும் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டால் கரையும்.

1. திரையைக் கழற்றுங்கள். கம்பி வளையங்களை எடுத்துவிடுங்கள்.

2. பிளாஸ்டிக் வாளியில் அல்லது டப்பில் திரையைப் போடுங்கள். மார்பிள், கோட்டாக் கல் தரையில் விரிக்காதீர்கள். அவையும் சுண்ணாம்பு வகைதான். புளிப்பு அவற்றையும் அரிக்கும்.

3. ஒரு டம்ளர் வெள்ளை வினிகருடன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கலந்து, கறை மேல் தடவுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும்.

4. கால் மணி நேரம் ஊறட்டும். பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கறை தடித்திருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

5. நிழலில் உலர்த்துங்கள். கொதிக்கும் நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் சுருங்கிவிடும்.

புளியும் கோகமும் கூட புளிப்புதான். ஆனால் திரையில் அவற்றின் நிறம் பிடிக்கும். புளியைப் பித்தளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது?

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். வினிகரும் எலுமிச்சையும் பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். கண் எரியும். இருமல் வரும். மூச்சுத் திணறும். முதல் உலகப் போரில், 1915இல், இந்த வாயுவை ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள். பாத்ரூம் சிறிய இடம். வாயு வெளியே போக வழி குறைவு.

வாயு வந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். கழுவி முடிக்கலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மூச்சு திணறினால் 108க்குப் போன் செய்யுங்கள்.

யார் சொன்னாலும் இரண்டையும் கலக்காதீர்கள். "இது ஆபத்து, வேறு வழியில் செய்கிறேன்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

மறுநாள் ரயிலில் இளையவர் சிரித்தார். "திரை பளிச்சென்று ஆகிவிட்டது அக்கா. வீட்டுக்கார அம்மாவிடமும் சொன்னேன். ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடரையும் தனித்தனி இடத்தில் வைத்துவிட்டோம். இனி குளித்ததும் திரையைத் துணியால் துடைத்துவிடுவார்களாம்."

"நல்லதும்மா. திரை போனால் வேறு திரை வாங்கலாம். நம்ம மூச்சை எங்கே வாங்குவது?" என்றார் மூத்தவர்.

பதில் சொல்லுங்கள்

1. உப்புக்கறை ஏன் சோப்பால் போவதில்லை?
2. திரையை ஏன் மார்பிள் தரையில் வைத்துக் கழுவக் கூடாது?
3. பிளீச்சிங் பவுடருடன் எவற்றைச் சேர்க்கக் கூடாது?
4. உங்கள் வீட்டில் ஆசிட் எங்கே இருக்கிறது? பிளீச்சிங் பவுடர் எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்து எழுதுங்கள்.